மரச்சாமான் செய்ய பிளான்: இலவசமா, காசு கொடுத்தா, நாமே வரைவதா?

நான் முதன்முதலில் செய்த புத்தக அலமாரியின் தட்டுகள் இன்றைக்கும் லேசாக ஆடும். பசை வைத்தேன், பின்பக்கம் ஸ்க்ரூ முறுக்கினேன், என்னென்னவோ செய்து பார்த்தாயிற்று. தப்பு என் கையில் மட்டும் இல்லை. தட்டு உட்கார பக்கவாட்டுப் பலகையில் முக்கால் அங்குல அகலத்துக்குக் காடி, அதாவது பள்ளம், எடுக்கச் சொல்லியிருந்தது பிளான். முக்கால் அங்குலம் என்றால் 19.05 மி.மீ. நான் வாங்கிய பிளைவுட் பெயருக்கு 18 மி.மீ., கனம் அளக்கும் காலிப்பரை வைத்துப் பார்த்தால் 17.6. ஆக ஒவ்வொரு காடியிலும் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. காற்று. எல்லாக் காடியையும் எடுத்து முடித்த பிறகுதான் தட்டைச் சொருகிப் பார்த்தேன் என்பது வேறு கதை.

அது இணையத்தில் இலவசமாகக் கிடைத்த பிளான். எழுதியவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் தன் கையில் இருந்த பலகைக்கு எழுதினார், நான் என் கையில் இருந்த பலகையை அளக்காமல் வெட்டினேன். அதற்கப்புறம் காசு கொடுத்து வாங்கிய பிளான், பழைய பத்திரிகைப் பிளான், நானே வரைந்தது என்று எல்லாவற்றிலும் ஒன்றிரண்டு சாமான் செய்து பார்த்துவிட்டேன். இப்போது யாராவது "நல்ல பிளான் எங்கே கிடைக்கும்" என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: இதில் தப்பு நடந்தால் உங்களுக்கு எவ்வளவு போகும்? பிளான் என்பது வேறொருவர் நமக்கு முன்னால் செய்து, திருத்தி, எழுதி வைத்த தவறுகள். முக்காலி செய்கிறீர்கள் என்றால் தப்பு நடந்தால் ஒரு துண்டுக் கட்டை போகும், நீங்களே தவறு செய்து கற்றுக்கொள்ளலாம். எட்டு பேர் உட்காரும் மேசைக்கு அகலமான நல்ல பலகை வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தத் தவறுகளை வேறு யாராவது ஏற்கெனவே செய்து முடித்திருப்பது நல்லது. எந்த வகைப் பிளான் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், படம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதை வைத்து இல்லை.

முதலில் இலவசப் பிளான்களைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் போகிறோம். அமெரிக்காவின் அனா வைட் நடத்தும் இணையத் தளம் போன்ற இடங்களில் பெஞ்ச், கட்டில், அலமாரி, தோட்டத்து நாற்காலி என்று ஏராளமாக இருக்கின்றன. பெரும்பாலும் கட்டுமான மரச்சட்டத்தை நேராக வெட்டி, சாய்வாகத் துளை போட்டு அதில் ஸ்க்ரூ முறுக்கிச் சேர்க்கும் பாணி. உளி வேலை கிடையாது, ஒரு வார இறுதியில் முடியும், முதல் சாமானுக்கு அது பெரிய விஷயம். இப்படிப்பட்ட தளங்களில் எனக்குப் பிடித்தது பிளானைவிட அதைப் பார்த்துச் செய்தவர்கள் போடும் படங்கள்தான். இருபது பேர் செய்திருக்கிறார்கள், இருபதும் நேராக நிற்கின்றன என்றால் அந்த அளவுகளை நம்பலாம். எழுதியவர் எடுத்த ஒரே படம் மட்டும் இருக்கிறது, அதுவும் பூச்சாடி வைத்து ஓரத்தை மறைத்து எடுத்தது என்றால் யோசிக்க வேண்டும்.

இந்தப் பிளான்களில் ஒரு பொறி உண்டு. 'இரண்டுக்கு நாலு' என்று எழுதியிருக்கும் சட்டம் இரண்டு அங்குலமும் இல்லை, நாலு அங்குலமும் இல்லை. அமெரிக்க வழக்கில் அது அறுத்தபோது இருந்த அளவின் பெயர், உலர்ந்து இழைத்த பிறகு கைக்கு வருவது ஒன்றரைக்கு மூன்றரை, அதாவது 38-க்கு 89 மி.மீ. பிளானில் உள்ள எல்லாக் கணக்கும் அந்த 38-ஐ வைத்துப் போட்டது. நீங்கள் நிஜமாகவே 50 மி.மீ. கட்டையை வாங்கிவந்து அதே வெட்டுப் பட்டியலை (எந்தத் துண்டை என்ன அளவுக்கு வெட்டுவது என்ற பட்டியல்) பின்பற்றினால், 600 மி.மீ. அகல மேசையில் இரண்டு காலுக்கும் நடுவே 524 வர வேண்டிய சட்டத்துக்கு 500-க்குத்தான் இடம் இருக்கும். 24 மி.மீ. அதிகமாக வெட்டிவிட்டோம் என்றால் பரவாயில்லை, திரும்ப அறுத்துக்கொள்ளலாம். மேலே உட்கார வேண்டிய பலகை குறைந்துபோனால் என்ன செய்வது?

ஆகவே எந்தப் பிளானாக இருந்தாலும், இலவசமோ காசோ, மரம் வாங்குவதற்கு முன்னால் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் கூட்டிக் கழித்துப் பாருங்கள். சொன்னால் சிரிப்பீர்கள், பாதிப் பிளான் இங்கேயே விழுந்துவிடும். அலமாரியின் வெளி அகலம் 900, பக்கப் பலகை இரண்டும் 18 என்றால் நடுவே நிற்கும் தட்டு 864 இருக்க வேண்டும். இரு பக்கமும் 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி என்றால் 876. பட்டியலில் 900 என்று போட்டிருந்தால் அதை எழுதியவர் அந்தத் தட்டை வெட்டவே இல்லை. இழுப்பறை இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஓட்டைப் பிளான்கள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்: இழுப்பறை சறுக்கி வரப் பக்கவாட்டில் பொருத்தும் வழக்கமான பால்பேரிங் சானலுக்கு (உலோகத் தடம்) ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. வேண்டும், எனவே இழுப்பறைப் பெட்டி, அது உட்காரும் இடத்தைவிட 25 அல்லது 26 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். பத்துதான் விட்டிருக்கிறார் என்றால் இழுப்பறை உள்ளேயே போகாது.

அப்புறம் பிளைவுட் ஷீட்டை எப்படித் துண்டு போடுவது என்ற படம். 2440-க்கு 1220 ஷீட்டை நீளவாக்கில் நான்காகப் பிரித்து ஒவ்வொன்றும் சரியாக 305 என்று போட்டிருக்கும். கணக்கில் சரி. ஆனால் ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் ஏறக்குறைய 3 மி.மீ. மரத்தைத் தின்றுவிடும், மூன்று வெட்டுக்கு 9, ஆகவே கைக்கு வருவது 302 சொச்சம்தான். தூளாய்ப் போகும் மரத்தைக் கணக்கில் சேர்க்காதவர் அந்த ஷீட்டை அறுத்தவர் இல்லை, கணினியில் கட்டம் போட்டவர். உடம்புக்கான அளவுகளையும் ஒரு பார்வை பார்க்கலாம். சாப்பாட்டு மேசை உயரம் 720-லிருந்து 760-க்குள், நாற்காலி உட்காரும் இடம் 430-லிருந்து 460-க்குள். மேசைக்கு அடியில் ஓடும் சட்டத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 600-க்குக் கீழே வந்தால் படத்தில் கம்பீரமாக இருக்கும், உட்கார்ந்தால் தொடை இடிக்கும்.

ஆனால் எழுதியவருக்கு மரம் தெரியுமா இல்லையா என்று கண்டுபிடிக்க நான் முதலில் புரட்டுவது, மேசையின் மேற்பலகையை அடிச்சட்டத்தோடு எப்படிச் சேர்க்கச் சொல்கிறார் என்ற பக்கத்தைத்தான். மரம் ஈரக் காற்றில் பூரிக்கும், வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் ஏறத்தாழ ஒன்றும் நடக்காது, அசைவெல்லாம் ரேகைக்குக் குறுக்கே, அகலவாக்கில். ஒரு மீட்டர் அகல மேற்பலகை ஓர் ஆண்டுக்குள் சில மி.மீ. போய் வரும், சில மரங்களில் ஒரு செ.மீ. வரைகூட. இதை இறுக்கிப் பிடித்துப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுக் கட்டிவிட்டால் அது எங்கே போகும்? நான் ஒரு வீடியோவைப் பார்த்துச் செய்த சின்ன மேசையில் அதுதான் நடந்தது. இரவில் பக்கத்து அறையில் டப்பென்று ஒரு சத்தம், காலையில் பார்த்தால் பலகையின் ஒரு முனையிலிருந்து உள்ளே ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு, நகம் உள்ளே போகும் அகலம். நல்ல பிளான் என்றால் ஸ்க்ரூவுக்கு நீள்துளை போடச் சொல்லும், இல்லாவிட்டால் சட்டத்தின் காடியில் நகரும்படி சின்ன மரத்துண்டுகள், அல்லது எட்டு வடிவத்தில் இருக்கும் உலோகத் தகடு. இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் "பசை தடவி இறுக்கவும்" என்று மட்டும் இருந்தால் மூடிவைத்துவிடலாம். பிளைவுட்டுக்கு இந்தக் கவலை இல்லை, அதனால்தான் முதல் சாமானுக்கு எல்லோரும் பிளைவுட்டைச் சொல்கிறார்கள்.

சரி, காசு கொடுத்து வாங்குவது. தானே சாமான் செய்து விற்கும் ஒருவர், அந்த ஒரு சாமானுக்கு மட்டும் எழுதி விற்கும் பிளானைத்தான் சொல்கிறேன். துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும் படம், ஷீட்டை அறுக்கும் படம், எதை முதலில் ஒட்டுவது எதைக் கடைசியில் ஒட்டுவது என்ற வரிசை, வளைவு வரும் இடங்களுக்கு நிஜ அளவில் அச்செடுக்கும் வார்ப்புரு, இவ்வளவும் இருக்க வேண்டும். ஒட்டும் வரிசை என்று ஒன்றைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், ஆனால் பல சமயம் நாம் காசு கொடுப்பது அதற்காகத்தான். மூன்று பக்கம் ஒட்டிக் காய்ந்த பிறகு நான்காவது சட்டத்தை உள்ளே விட வழியே இல்லை என்று தெரியவரும்போது அந்த ஒரு பக்கத்தின் அருமை புரியும்.

நாற்காலிக்கு மட்டும் நான் யோசிக்காமல் வாங்கிவிடுவேன். பின்கால் சாய்ந்து போகும், உட்காரும் பலகை முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் இருக்கும், ஆகவே பக்கச் சட்டம் காலோடு சேரும் இடத்தில் நேர்கோணம் என்பதே கிடையாது. அந்தச் சில டிகிரி எங்கே எவ்வளவு என்பதை ஏற்கெனவே நாலைந்து நாற்காலி செய்து பார்த்து, உட்கார்ந்து பார்த்து, முதுகு வலித்து மாற்றிய ஒருவரிடம் வாங்கிக்கொள்வதுதான் புத்தி. வாங்கும் முன் மாதிரிப் பக்கம் காட்டுகிறாரா, மில்லிமீட்டரிலும் அளவு இருக்கிறதா, என்ன கருவி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். இந்தக் கடைசி விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறோம், "தொடக்கநிலை" என்று போட்டிருக்கும், உள்ளே போனால் இரண்டாம் படியிலேயே டேபிள் ஸா (மேசையோடு வரும் மின்ரம்பம்), பிளேனர் (இழைக்கும் இயந்திரம்) எல்லாம் வரும். கைரம்பமும் டிரில்லும் மட்டும் வைத்திருப்பவருக்கு அது வெறும் வாசிப்புப் புத்தகம்.

ஆயிரக்கணக்கான பிளான்கள் ஒரே விலையில் என்று வரும் மூட்டைகள் வேண்டாம். நான் பார்த்த ஒன்றில் பாதி மங்கலான ஸ்கேன், ஒரே பெஞ்ச் மூன்று பெயரில் இருந்தது. நமக்கு வேண்டியது ஒரு மேசை. ஆயிரம் மேசையை யார் செய்யப்போகிறார்கள்?

பத்திரிகைகளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க மரவேலைப் பத்திரிகையான ஃபைன் வுட்வொர்க்கிங் 1975 முதல் வருகிறது, வுட்ஸ்மித் பத்திரிகையும் அதே பத்தாண்டில் தொடங்கியதுதான். இந்த மாதிரிப் பத்திரிகைகளில் ஒரு பிளான் ஆசிரியர், வரைபவர் என்று பல கை மாறித்தான் அச்சுக்கு வரும், ஆகவே கூட்டல் பிழை குறைவு. நூலகத்தில் பழைய இதழ்கள் கிடைத்தால் அதைவிட லாபமான வழி இல்லை. இன்னும் பின்னால் போனால் 1909-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாப்புலர் மெக்கானிக்ஸ் பத்திரிகைக்காரர்கள் வீட்டிலேயே ஓக் மரத்தில் சாமான் செய்பவர்களுக்காகப் புத்தகங்களே போட்டார்கள், காப்புரிமை முடிந்துவிட்டதால் பழைய நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பர்க் திட்டத்தின் இணையத் தளத்தில் சும்மா படிக்கலாம். நேர்கோடு, தடித்த சட்டம், பார்க்கவே நிம்மதியான வடிவங்கள். ஆனால் துளை வெட்டி, இன்னொரு கட்டையின் முனையைச் செதுக்கிச் சொருகும் இணைப்பை எல்லாம் "சொருகிப் பசை இடவும்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள், உளி பிடிக்கத் தெரிந்தவருக்கு எழுதியவை அவை. முதல் சாமானாக வேண்டாம், நாலாவதாக எடுத்துக்கொள்ளலாம்.

(பிளானைச் சும்மா கொடுப்பது இணையம் வந்த பிறகு தொடங்கிய பழக்கம் இல்லை. இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி 1974-லேயே வெறும் பலகையும் ஆணியும் வைத்துச் செய்யக்கூடிய 19 சாமான்களின் வரைபடங்களை, தபால் செலவை அனுப்பிக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார். செய்து பார்த்தால்தான் ஒரு சாமான் ஏன் நிற்கிறது என்று புரியும் என்பது அவர் கட்சி. அவற்றில் உள்ள மேசையின் அடியில் குறுக்காகப் போகும் சட்டங்களைப் பார்த்துதான் எனக்கு மேசை ஏன் ஆடுகிறது என்பதே விளங்கியது.)

வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. உளியை எப்படிப் பிடிப்பது, பசை எவ்வளவு வழிய வேண்டும் என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் வராது, பார்த்தால்தான் தெரியும். ஆனால் அளவுக்கு வீடியோவை நம்பக் கூடாது, நிறுத்தி நிறுத்திக் குறித்துக்கொண்டு வெட்டினால் ஓர் அளவு கட்டாயம் விட்டுப்போகும். காகிதப் பிளானும் அதே சாமானின் வீடியோவும் சேர்ந்து கிடைத்தால் அதுதான் சிறந்த ஜோடி. கணினியில் முப்பரிமாணமாக வரையும் ஸ்கெட்ச்அப் மென்பொருளின் 3டி வேர்ஹவுஸ் என்ற இணையக் கிடங்கில் கிடைக்கும் மாதிரிகளைச் சுற்றித் திருப்பி எந்தத் துண்டையும் அளக்கலாம், வசதிதான், ஆனால் கணினியில் ஒரு கட்டைக்குள் இன்னொரு கட்டை புகுந்து நிற்கும், மென்பொருள் அதைத் தப்பு என்று சொல்லாது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கும் பிளானும் இதே சாதி: படம் கண்ணைப் பறிக்கும், பட்டியலைக் கூட்டினால் மேசைக்கு ஒரு கால் குட்டை. பென்சில் சோதனை இங்கே இரண்டு தரம் செய்யுங்கள்.

நாமே வரைவதுதான் கடைசி வழி என்று நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்டி வடிவத்தில் இருக்கும் எதையும், அதாவது அலமாரி, பெஞ்ச், செருப்பு வைக்கும் தட்டு, கட்டில் தலைமாட்டு மேசை, நீங்களே வரையலாம், வரையவும் வேண்டும். காரணம் எளிது: உங்கள் சுவருக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும் 870 மி.மீ. இடத்துக்கு உலகத்தில் எந்தப் பிளானும் எழுதப்படவில்லை. ஏற்கெனவே வீட்டில் உள்ள, உடம்புக்குப் பழகிய சாமானிலிருந்து தொடங்குங்கள். எந்த மேசையில் தோள் வலிக்காமல் எழுதுகிறீர்களோ அதை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள், உயரம், ஆழம், கால் நீட்ட எவ்வளவு இடம். பிறகு பழைய அட்டைப்பெட்டியை வெட்டி நிஜ அளவில் ஒட்டி அந்த இடத்தில் இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். தாளில் அடக்கமாகத் தெரிந்த அலமாரி அறையில் யானை மாதிரி நிற்கும், அல்லது கதவைத் திறக்கும்போது கைப்பிடி இடிக்கும். அட்டையில் தெரிந்தால் நல்லதுதானே.

வரையும்போது எல்லோரும் சறுக்கும் இடம் தட்டின் நீளம். புத்தகம் கனமானது, 18 மி.மீ. பிளைவுட் தட்டு 800 மி.மீ.க்கு மேல் தாங்கல் இல்லாமல் போனால் நாளடைவில் நடுவே தொய்யும். 600, 700-க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது முன்விளிம்பில் ஒரு பட்டையை நிற்க வைத்து ஒட்டுங்கள். இதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் இலவசக் கருவிகளும் இணையத்தில் உண்டு, மரம், நீளம், எடை கொடுத்தால் எத்தனை மி.மீ. தொய்யும் என்று சொல்லிவிடும்.

இழுப்பறை வைத்த சாமானை முதலில் நீங்களே வரையாதீர்கள், வேறொருவரின் பிளானில் ஒன்று செய்துவிட்டு வாருங்கள். நாற்காலியைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

குழந்தைத் தொட்டில், அடுக்குக் கட்டில் இரண்டையும் தனியாக வைக்க வேண்டும். தொட்டிலின் கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் இறங்கும் சந்து இருக்கக் கூடாது. மெத்தையின் அளவோ நாட்டுக்கு நாடு மாறும், வேறு நாட்டுப் பிளானில் வரும் அளவு உங்கள் மெத்தைக்குப் பொருந்தாது. பாதுகாப்பு விதியைப் பின்பற்றி எழுதியது என்று வெளிப்படையாகச் சொல்லும் பிளானை மட்டும் எடுங்கள், எடுத்த பிறகு "இது கொஞ்சம் அகலமாக இருந்தால் அழகாக இருக்குமே" என்று எதையும் மாற்றாதீர்கள். உயரமான அலமாரி எதுவாக இருந்தாலும் சுவரோடு பிணைக்கச் சொல்கிறதா என்றும் பாருங்கள், சொல்லாவிட்டாலும் பிணைத்துவிடுங்கள்.

செய்ததை விற்கும் எண்ணம் இருந்தால் பிளானின் முதல் பக்கத்தில் உள்ள உரிம வரியைப் படித்துவிடுங்கள், சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று பலர் போட்டிருப்பார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் வெட்டுப் பட்டியலை உங்கள் கையெழுத்தில், உங்கள் பலகையைக் காலிப்பரில் அளந்த கனத்தை வைத்து மறுபடி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். எழுதும்போதே இரண்டு தவறாவது கண்ணில் படும், ஒன்று அவருடையது, ஒன்று நம்முடையது.

காசு கொடுத்து வாங்கிய நாற்காலிப் பிளான் ஒன்று இப்போது என் மேசையில் விரித்துக் கிடக்கிறது. பின்காலின் வார்ப்புருவை நான்கு தாளில் அச்செடுத்து ஒட்டி, மரத்தில் வைத்துக் கோடு போட்டு, ரம்பத்தை ஆன் செய்யப் போகும்போதுதான் தாளின் மூலையில் இருந்த சின்னக் கோட்டைப் பார்த்தேன். "இந்தக் கோடு 100 மி.மீ. இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தது. ஸ்கேலை வைத்தால் 97. அச்செடுக்கும்போது பக்கத்துக்குப் பொருத்து என்பதை எடுத்துவிட்டு நூறு சதவீதம் என்று வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. நான்கு தாளையும் கிழித்துவிட்டு மறுபடி அச்செடுத்துக்கொண்டிருக்கிறேன்.